சத்தமில்லாத ஊர்

"சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடுமாமே, மெய்யாவா?" என்று கேட்டாள் ஷீலா.

பெண் கேட்டு வந்திருந்த சரவணகுமார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "குளிர்காலத்துல மட்டும்தாம்மா. ஜூன், ஜூலைல பாத்தா ராத்திரி ஒம்போது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்."

"அவரு டீயைக் குடிச்சு முடிக்கட்டும், ஷீலா. வந்ததுலேந்து கேள்வி மேல கேள்வியா கேட்டுகினே கீறே" என்றார் தாய்மாமன் மாயவன்.

"கேக்காம எப்படி மாமா? தெரியாத ஊரு. அப்பறம் அழுது இன்னா ஆவப்போவுது?"

டீ கொண்டுவந்து கொடுத்தவள், அப்படியே எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வெளிநாடு என்று நம்பிப் போய் நாலு சுவருக்குள் அழுத பெண்களின் கதை அவர்களுடைய கடலோர ஊரான திருவிடந்தையிலும் ஒன்றிரண்டு உண்டு. அந்தப் பயம் அவளுக்கு.

ஷீலாவின் அப்பா கடலோடு போன பிறகு, அந்த வீட்டின் நல்லது கெட்டதுக்கெல்லாம் மாயவன்தான் முன்னால் நிற்பார். இந்த வரனைக் கொண்டுவந்ததும் அவரே. சரவணகுமார் கப்பலில் சமையல்காரராகப் போய், இங்கிலாந்தில் கரை இறங்கி, அங்கே ஒரு கிராமத்திலேயே தங்கிவிட்டவர். அந்த ஊரின் ஒரே சாப்பாட்டுக் கடையில் அவர்தான் சமையல்.

ஷீலாவின் அம்மா பவானி அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. மகள் கேள்வி கேட்கும்போதெல்லாம் உள்ளே பாத்திரச் சத்தம் மட்டும் நின்றது.

"ஊரு எப்படி இருக்கும்?"

"நடுவுல ஒரு பழைய சர்ச்சு. சுத்தி கொஞ்சம் வூடு. மிச்சமெல்லாம் புல்லும் ஆடும்தான். ஆடு ரோட்டுல வந்து நின்னா காரெல்லாம் நிக்கும். ஒருத்தரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க."

"ஜனங்க பேசுவாங்களா?"

"மழையைப் பத்திப் பேசுவாங்க. பெஞ்சாலும் பேசுவாங்க, பெய்யலன்னாலும் பேசுவாங்க. வேற பேச்சுக்கு வர்றதுக்கு ஒரு வருசம் ஆவும். அதுக்கப்பறம் நம்ம வூட்டுச் சாவியே அவங்ககிட்டதான் இருக்கும்."

"இங்கிலீஷ் சரியா வராதவங்க இன்னா பண்றது?"

"எனக்கு மட்டும் வந்துச்சா? ஒரு 'சாரி' தெரிஞ்சா போதும்மா. நாம அவங்க காலை மிதிச்சாலும் அவங்கதான் சாரி சொல்றாங்க."

"வூட்டுல மாடிப்படி கீதா?"

"மாடிப்படியெல்லாம் ஒரு கேள்வியா?" என்று முணுமுணுத்தார் மாயவன்.

"இல்லம்மா, தரை வூடுதான்."

"கடல் எவ்ளோ தூரம்?"

"கார்ல ஒன்றரை மணி நேரம்."

பாத்திரச் சத்தம் மறுபடி நின்றது. ஷீலா அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அலைச் சத்தத்துலயே பொறந்து வளந்தவங்க, சத்தமே இல்லாத ஊர்ல எப்படித் தூங்கறது?"

சரவணகுமார் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தார்.

"நானும் கோவளத்து ஆளுதாம்மா. போன புதுசுல தூக்கமே வரல. அப்பறம் போன்ல அலைச் சத்தத்தைப் போட்டுகினு படுக்க ஆரம்பிச்சேன். ஒருநாள் காலைல கதவைத் தட்றாங்க. பாத்தா பக்கத்து வூட்டுக் கெழவி, குழாய் ரிப்பேர் பண்றவனைக் கையோட கூட்டிகினு நிக்குது. ராவெல்லாம் என் வூட்டுல தண்ணி ஒழுவுதுன்னு நெனச்சிச்சாம்."

மாயவன் தொடையில் தட்டிச் சிரித்தார். ஷீலா அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. உள்ளேயிருந்தும் ஒரு சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்கியது.

"இன்னிக்கும் காலைல ஜன்னல் திரை தொறக்கலன்னா போதும், வாசல்ல ரெண்டு பேரு வந்து நிப்பாங்க. சத்தம்தாம்மா இல்ல, ஆளுங்க கீறாங்க."

"எல்லாந்தான் கீதே. அப்பறம் எதுக்குக் கல்யாணம்?"

"ஷீலா" என்று அதட்டினார் மாயவன்.

"கேக்கட்டுங்க" என்றார் சரவணகுமார். கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஞாயித்துக்கெழம சர்ச்சு வுட்டதும் ஊரே நம்ம கடைக்குத்தான் வரும். எல்லாம் ஜோடி ஜோடியா. நான் வச்ச மீன் கொழம்பைத் துன்னுட்டு, மூக்கைச் சிந்திகினே நல்லா கீதுன்னு சொல்லிட்டுப் போவாங்க. அப்பறம் நான் ஒண்டியா உக்காந்து துன்னுவேன். கொழம்புல உப்பு கம்மின்னு சொல்றதுக்கு எனக்குன்னு ஒரு ஆளு இல்லம்மா. அதுக்குத்தான்."

ஷீலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்பதற்கு அவளிடம் இன்னும் எத்தனையோ இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை.

"எனக்குப் புடிச்சிருக்கு மாமா" என்றாள்.

மாயவன் தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார். "பவானி, கேட்டியா? உன் பொண்ணு சரின்னுட்டா. கட்டிக்கப்போறவ நீ, இனிமே நீதான் சொல்லணும்."

கதவுக்குப் பின்னாலிருந்து சன்னமாகக் குரல் வந்தது: "பாஸ்போர்ட்டு எடுக்க எத்தினி நாளாவும்னு அவரையே கேளு, அண்ணே."