வழிந்த குங்குமம்

அமீரகத்து ராஸ் அல் கைமாவின் பள்ளி மைதானத்தில், கன்று வளர்ப்புப் போட்டிக்காகக் குழந்தைகள் வளர்த்த கன்றுகள் காலை வெயிலில் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியவை. கழுத்தில் புதுத் தோல்வார் மின்னுகிறது. கடைசியில் நிற்பது நாகஜோதியின் கன்று. பால்பண்ணை வேண்டாமென்று கழித்த காளைக்கன்றைச் சல்லிசாக வாங்கி, கம்பெனி மெஸ்ஸில் மிஞ்சிய குபூஸ் ரொட்டியை ஊறவைத்து ஊட்டி, அவளும் அப்பா தணிகாசலமும் வளர்த்திருக்கிறார்கள். தோல்வாருக்கு வழியில்லை. அதனால் அவன், ஊரில் மாட்டுப்பொங்கலுக்குச் செய்வதுபோல, கன்றுக்கு மஞ்சள் பூசி, மனைவி இறந்தபின் திறக்காமலே வைத்திருந்த அவளுடைய சிமிழிலிருந்து குங்குமமும் வைத்திருக்கிறான். ஈரம் காயுமுன் வைத்த குங்குமம் மூக்குவரை சிவப்பாக வழிந்து நிற்கிறது. “ஐயோ, பிளட்!” என்கிறாள் பக்கத்துச் சிறுமி. வரிசை சிரிக்கிறது. நடுவரான பாகிஸ்தானி மாட்டு டாக்டர் குனிந்து பார்த்து இந்தியில் கேட்கிறார்: “என்ன பாய், அடிபட்டிருக்கா?” தணிகாசலத்துக்குக் காதுமடல் சுடுகிறது. “ஆமா சாப். மருந்து போட்டிருக்கேன்.” “அச்சா. காயம் இருந்தா போட்டியில நிக்க முடியாது. ஓரமா கட்டிடுங்க.” டாக்டர் நகர்ந்துவிடுகிறார். நாகஜோதி அண்ணாந்து பார்க்கிறாள். “ஏன்ப்பா பொய் சொன்னீங்க? அது அம்மாவோட குங்குமம்தானே?” அவள் அவன் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு கன்றை ஓட்டிப் போகிறாள். மஞ்சள் ஒட்டிய கைகளைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு அவன் பின்னால் நடக்கிறான்.