பதினாலாம் நம்பரை வெளியே அனுப்புங்க

“அந்தப் பதினாலாம் நம்பரை வெளியே அனுப்புங்க. அவன் ஆடினது போதும், அனுப்புங்க.”

பின்வரிசையிலிருந்து அந்தக் குரல் மறுபடி கிளம்பியது. வெர்னா கையிலிருந்த சூடான சாக்லேட் பானத்தைக் காலடியில் வைத்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தாள். பழுப்புக் காகிதப் பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எட்டு ஆட்டம் ஆடி எட்டிலும் தோற்ற கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு இந்த ஊர் செய்யும் மரியாதை அது. உங்கள் ரசிகர் என்று சொல்லி முகத்தை வெளியே காட்ட வெட்கமாக இருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு மைதானத்தில் நூறு பைகளாவது இருக்கும்.

“போன ரெண்டு ஆட்டத்துலயும் இதே பாட்டுதான் பாடினா,” என்றாள் கணவனிடம். “பையைக் கவுத்துக்கிட்டு வந்து ஒரு சின்னப் பையனை இப்படிக் கரிச்சுக் கொட்டுறா. என்ன ஜென்மமோ.”

டொயல் நாச்சோ தட்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. “டிக்கெட் வாங்கியிருக்கா, கத்துறா. உனக்கென்ன வந்துச்சு?”

கல்லூரி உணவுக்கூடத்தில் தினமும் காலையில் அந்தப் பதினாலாம் நம்பர் பையன் தட்டில் முட்டை பரிமாறுகிறவள் வெர்னாதான். வரிசையில் வரும் பிள்ளைகள் போனிலிருந்து தலை நிமிர்வதில்லை. “தேங்க்ஸ், மிஸ் வெர்னா” என்று பெயர் சொல்லிவிட்டுப் போகிறவன் ட்ரென்ட் ஒருவன்தான்.

அவன்தான் அணியின் குவார்ட்டர்பேக். பந்து அவன் கையிலிருந்துதான் பறக்க வேண்டும். தோற்றால் ஏச்சும் அவன் தலையில்தான் விழும். இந்தக் கூச்சலில் அவன் இடம் பறிபோனால், திங்கட்கிழமை காலை அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

கீழே விசில் ஒலித்தது. அவனைக் காக்க வேண்டிய ஐந்து தடியன்களும் வேலிக்கம்பு மாதிரி நின்றார்கள். எதிரணியில் மூன்று பேர் நடுவில் புகுந்து, ட்ரென்டைத் தூக்கித் தரையில் அறைந்தார்கள்.

“இந்த அஞ்சு தண்டங்களைக் கேக்க நாதியில்ல,” வெர்னா பல்லைக் கடித்தாள். “அடி வாங்குறவனைத் திட்டுதுங்க. சீ.”

“கோச்சும் அந்தக் கணக்குதான். இன்னும் ரெண்டு தோத்தா அவருக்கே சீட்டு கிழிஞ்சிரும். கூட்டம் எதைக் கத்துதோ அதைச் செய்வாரு.”

“முதுகெலும்பு இல்லாத மனுஷன்.”

“அதுக்குத்தான் சம்பளமே,” என்றான் டொயல்.

ட்ரென்ட் மெல்ல எழுந்தான். தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று நடந்தான், எதிரணியின் பெஞ்சைப் பார்த்து. அங்கிருந்த ஒருவன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினான்.

பன்னிரண்டாயிரம் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “கட்சி மாறிட்டான்டா,” என்று எவனோ கத்தினான். டொயலுக்குப் புரையேறியது. வெர்னாவுக்கே அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வந்து தொலைத்தது.

காகிதப் பைக்காரி மட்டும் எழுந்து நின்றாள். “பதினாலை வெளியே அனுப்பு. இப்பவே அனுப்பு.” பக்கத்திலிருந்த மாணவர்களைத் தோளில் தட்டித் தட்டி எழுப்பினாள். “கத்துங்கப்பா. எல்லாரும் சேர்ந்து கத்துங்க.”

அவர்களுக்குச் சொல்லவா வேண்டும். ஒரு வரிசை எழுந்தது, அடுத்த வரிசை எழுந்தது. ஐந்து நிமிடத்தில் மைதானம் மொத்தமும் காலடியிலிருந்த இரும்புப் பலகைகளை உதைத்துக்கொண்டு ஒரே குரலில் கத்தியது. யாரோ ஒருவர் வீசிய சோடாக் குவளை தடுப்புச்சுவரில் பட்டுச் சிதறியது.

கோச் அண்ணாந்து கூட்டத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு கையை அசைத்து ட்ரென்டை வெளியே கூப்பிட்டார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். கோப்பையையே ஜெயித்துவிட்டது போல ஊர் கைதட்டியது.

வெர்னாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எழுந்து பின்பக்கம் திரும்பினாள். டொயல் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

“வேணாம் வெர்னா, உக்காரு.”

“விடுங்க. இவளை இன்னைக்கு நாலு வார்த்தை கேக்காமப் போனா எனக்கு ராத்திரி சோறு இறங்காது.”

காகிதப் பைக்கு நேராக விரலை நீட்டினாள். “ஏம்மா, இப்ப மனசு குளுந்துச்சா? ஒரு பையன் தலைகுனிஞ்சு போறதைப் பாக்க மூணு ஆட்டமா தொண்டை கிழியக் கத்தினியே. நீயெல்லாம் ஒரு பொம்பளையா? தைரியம் இருந்தா மூஞ்சியைக் காட்டிட்டுப் பேசு.”

அந்தப் பெண் பையைக் கழற்றினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. வெர்னா திட்டியது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அவள் கண் கீழே இருந்தது. அங்கே பெஞ்சில் ட்ரென்டை உட்காரவைத்து, டாக்டர் அவன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் தொப்பென்று உட்கார்ந்தாள்.

குரல் அறவே போயிருந்தது. காற்றுதான் வந்தது.

“தலையில அடிபட்டிருக்கு, உக்கார வைங்கன்னு பெத்தவ ரெண்டு தடவை போயிக் கெஞ்சினேன், அந்தக் கோச் காதுல ஏறல. அதான், ஊரையே கத்த வச்சேன்.”