அசையாத போன்

அந்தப் போன் நகரவே இல்லை. ஒரு வாரமாக ஒரே இடம் என்றது கணினித் திரை. பேட்டரி ஒரு புள்ளி இறங்கவில்லை, ஒரு தடவைகூடச் சாயவில்லை. ஆனால் அதிலிருந்து நாள் தவறாமல் வேலைக்கு விண்ணப்பம் போய்க்கொண்டிருந்தது. விண்ணப்பித்தவன் பெயர், 'புதியவன்'.

"பொணத்துக்கிட்டயா இருக்கு அந்தப் போனு?" என்றாள் அவள். வேலை தேடித் தரும் அந்த ஆப் அவள் கம்பெனியுடையது. அதில் போலிகளைப் பிடிப்பது அவள் வேலை.

"போனே இல்ல, தாயே," என்றான் பக்கத்து மேசைத் தூங்குமூஞ்சி. "புதுசா ஒரு சாஃப்ட்வேர் வந்திருக்கு. கம்ப்யூட்டரே போன் வேஷம் கட்டிக்கும். நம்ம ஆப்பும் நம்பி உள்ள விட்டுடும்."

அவளுக்குச் சுருக்கென்றது. நல்லவனுக்கு எதற்கு வேஷம்? போட்டிக் கம்பெனிக்காரன் எவனோ நம் வேலை விளம்பரங்களை அள்ளுகிறான். இவனைப் பிடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரமாகும். வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். 'தற்காலிகம்' என்பதை அப்பாவிடம் இன்னும் எத்தனை நாள் மறைப்பது?

கண்ணாடி அறைக்குள் முதலாளி பழைய பட்டன் போனில் பேசி முடித்தார். ஆப் கம்பெனி நடத்தும் லட்சணம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"விட்டுடும்மா. எவனோ வயித்துப்பாட்டுக்கு அலையறான்."

"போலி சார் அது."

"பார்த்துக்கலாம், போ." அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆக, இவரும் கூட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கைக்கு வந்தாள். இல்லாத ஒரு கம்பெனியை உருவாக்கி, 'மேலாளர் பதவி, நாளை நேர்காணல்' என்று புதியவனுக்குத் தூண்டில் போட்டாள்.

கண்ணாடி அறையில் 'டிங்' என்றது.

கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். அவர் கம்ப்யூட்டர் திரையில் ஒரு போன் படம். அதற்குள் அவர்களுடைய ஆப். அதில் அவள் அனுப்பிய அழைப்பு.

"நீங்கதானா சார் அது? சொந்தக் கம்பெனியிலயே திருட்டு வேலையா?"

"திருட்டு இல்லம்மா. இருந்த நல்ல போனையும் வித்துட்டேன், அதான் இதுல வேலை தேடறேன்." குரல் தாழ்ந்தது. "இந்த மாசத்தோட கம்பெனியை மூடறேன்."

அவர் திரையில் அவள் அனுப்பிய அழைப்பைக் காட்டி, பல நாள் கழித்துச் சிரித்தார்.

"கவலைப்படாதே, இந்த வேலை கிடைச்சா உன்னைத்தான் முதல்ல அங்க சேர்த்துவிடுவேன்."