கம்பம்மெட்டுப் பனி

மகள் மகிமா சொன்ன காரணத்தை அருளப்பன் நம்பவில்லை. நாலு வருஷமாக நம்பவில்லை. ஆனால் அது பொய் என்று சொல்லவும் அவரிடம் எதுவும் கிடையாது.

"ஜீப்பை ஓட்டிப் பாத்தேன், பிடிச்சுப் போச்சுப்பா." அவ்வளவுதான் அவள் சொன்னது.

சின்ன வயசிலிருந்தே மகளை அவர் 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார். கதவில் சாக்பீஸால் எழுதி, வீட்டுக் கோழிகளுக்குப் பாடம் நடத்திய பிள்ளை. உத்தமபாளையத்தில் காலேஜ், முடித்ததும் பி.எட்., அப்புறம் டீச்சர் வேலை. ராயப்பன்பட்டியில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு அது.

காலேஜ் கடைசி வருஷத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள் சொன்னாள்.

"பி.எட். வேண்டாம்ப்பா. ஜீப்பை எங்கிட்டக் குடுங்க. தோட்டத்துக்கு ஆளுகளை நானே ஏத்திட்டுப் போறேன்."

"பரீட்சையில எதும் போச்சா?"

"இல்ல."

"எவனும் எதும் சொன்னானா?"

"இல்லப்பா."

"பெறகு என்னா கிறுக்கு இது?"

"அன்னைக்கு மலையில ஓட்டுனேன்ல... அதுலருந்து ஒரே ஆசையா இருக்கு."

அன்னைக்கு என்றால், அதற்கு முந்தின செமஸ்டர் லீவில். அம்மா செபஸ்தியம்மாளோடு ஏலக்காய் எடுக்க அவளும் ஜீப்பில் வந்திருந்தாள். இன்னும் விடியவில்லை. பின்னால் படுதாவை இறக்கிவிட்டுக்கொண்டு, பெண்கள் கண்ணை மூடி ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்கள். மலை ஏறி முடிக்கிறவரை சொல்வது அந்த வண்டியின் வழக்கம். அவர்களில் இருளம்மாள் மட்டும் வேறு சாமி கும்பிடுகிறவள். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் "மாதாவே" என்று கத்துவதில் அவள் குரல்தான் பெரிசு.

கம்பம்மெட்டு வளைவு ஒன்றில் அருளப்பன் சடாரென்று பிரேக் போட்டார்.

"என்னா பனி! எதுக்க வர்ற வண்டி லைட்டுதான் தெரியுது. ரோட்டையே காணோம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகிமா ரோட்டைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாப்பா. பயங்கரப் பனி. நகருங்க, நான் ஓட்டுறேன்."

"வத்துன கம்மாய்க்குள்ள ஓட்டிப் பழகுனவ மலையில ஓட்டிருவியா?"

"நீங்கதான் பக்கத்துல இருக்கீகளே."

ஓட்டினாள். பின்னால் ஜெபம் ஒரு இடத்திலும் தடைபடவில்லை.

அந்த ஆசையில்தான் சாவியைக் கேட்டாளாம். அழுதும் பட்டினி கிடந்தும் அவள் அடம்பிடித்ததால் கொடுத்தார். அன்றோடு 'டீச்சரம்மா' என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்.

ஊர் சும்மா இருக்குமா?

"தகப்பனைத் தள்ளிவிட்டுட்டு சீட்டைப் பிடிச்சுட்டா" என்றது பாதி ஊர். மீதி ஊர் அருளப்பனைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு ஜீப் டிரைவரான வேல்பாண்டி, டீக்கடையில் முகத்துக்கு நேராகவே கேட்டான்.

"என்னாண்ணே, அதுக்குள்ள ரிட்டயர்மெண்டா? படிச்ச புள்ளைய ஸ்டியரிங் பிடிக்க விட்டுட்டு, இங்கன உக்காந்து வடை திங்கிறீக!"

அருளப்பன் வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

செலவுக்குப் பயந்து படிப்பை விட்டாளோ? நான் எப்போதாவது முகம் சுளித்தேனோ? யோசித்து யோசித்துப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தும்போது மகிமாவின் முகத்தை அவர் பார்த்திருக்கிறார். ஸ்டியரிங்குக்கு முன்னால் அந்த முகம் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்த ஆசை?

போன மாதம் ஒரு கூத்து நடந்தது. வெள்ளை அங்கியில் பங்குச்சாமி வருகிறார் என்று நினைத்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டியைக் கும்பிட்டு, "ஸ்தோத்திரம் சாமி" என்றார் அருளப்பன்.

"ஆசீர்வாதம் குடுத்தாகளாண்ணே?" என்று இருளம்மாள் சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது.

செபஸ்தியம்மாள் சிரிக்கவில்லை.

"இப்பவாச்சும் கண்ணைக் காட்டுங்க. வண்டி ஓட்டுன காலத்துல ஒரு வார்த்தை சொன்னதுக்கு, 'கண்ணு போன டிரைவர்னு பேர் வாங்குறதுக்குப் பதிலா மலையில இருந்து உருண்டுருவேன்'னு குதிச்சீக. அன்னைக்குப் புள்ள எப்படி அழுதுச்சு!"

மகிமாதான் அவரைத் தேனிக்குக் கூட்டிப் போனாள். அவளை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுலயும் புரைங்கய்யா. நல்லா முத்தியிருக்கு. ஆபரேஷன் செஞ்சா பார்வை வந்துரும். ஆனா இது நேத்து வந்தது இல்ல, பல வருஷமா இருந்திருக்கு. எதிர்ல வண்டி லைட் அடிச்சா, பனி எறங்குன மாதிரி வெள்ளையாப் பரவியிருக்குமே, கவனிக்கலையா?"



அருளப்பன் வெளியே வந்து ஜீப்பில் மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"டாக்டர் என்னப்பா சொன்னாக?" என்று கேட்டாள். வண்டியை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். வீரபாண்டி தாண்டியதும் சொன்னார்.

"வண்டிய ஓரமா நிறுத்து ஆத்தா."

நிறுத்தினாள். "என்னப்பா?"

நாலு வருஷமாக அவர் வாயில் வராத அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"டீச்சரம்மா... அன்னைக்கு மலையில பனி இருந்துச்சா?"