டேட்டாபேஸ் தாங்குமா?

"சாயந்திரம் கடை முதலாளி வர்றார். அவர் கடை டேட்டாபேஸ் படுத்துச்சுன்னா நம்ம பொழப்பும் படுத்துக்கும்," என்றார் மேனேஜர்.

"தாங்கும் சார்." ஆயிரம் வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் தங்கள் கணக்கைத் திறப்பதுபோல் சோதனைக்காகக் கம்ப்யூட்டரில் ஒரு போலிக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டான் அவன். ஆயிரம் ஜாதகம் எழுத யாரால் முடியும்? ஒரே ஆளின் விவரத்தை எல்லோருக்கும் ஒட்டியிருந்தான்.

டேட்டாபேஸ் கல்லுப்பிள்ளையாராக நின்றது. அம்மாவின் போன்தான் விடாமல் அடித்தது. இரண்டு தடவை துண்டித்தவன், மூன்றாவது தடவை எரிந்து விழுந்தான்.

"வேலை நேரத்துல ஏம்மா உயிரை வாங்கறே?"

"திட்டாதேடா. பிறந்தநாள் வாழ்த்து வந்துச்சு. ஒண்ணா ரெண்டா, போனே திணறுது. கடை பேரைப் பார்த்ததும் உன் வேலைதான்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

அவனுக்கு முகம் செத்துப்போனது. ஒட்டியது அம்மாவின் நம்பர், அம்மாவின் பிறந்த தேதி. பிறந்தநாளன்று ஒருவர் கணக்கைத் திறந்தால், கடையின் வாழ்த்து அவர் போனுக்குத் தானாகவே போய்விடும். அதை நிறுத்திவைக்க மறந்திருந்தான். இன்றைய தேதியையும்தான்.

"ஒவ்வொண்ணுக்கும் நன்றி போட்டுட்டிருக்கேன்."

"போதும்மா, கை வலிக்கும்."

"வலிக்கட்டும். மறந்தவனுக்கா போடறேன்? ஞாபகம் வச்சிருந்த பிள்ளைக்குத்தானே?"

அவனுக்கு மேஜைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.