வலிக்காது

விழுந்து கிடந்த மரத்தின் அடியில் பல் டாக்டர் குப்புறப் படுத்திருந்தார். முகமூடிக்குள் அவருடைய மூச்சு அவருக்கே இரைச்சலாகக் கேட்டது.

நண்பர்கள் ஆறு பேர். மூன்று பேர் சிவப்பு அணி, மூன்று பேர் நீலம். காட்டுக்குள் ஒளிந்து, பெயின்ட் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட வேண்டும். சட்டையில் எதிரணியின் சாயம் பட்டவர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம்.

போன வருடம் ஒரு புதருக்குள் புகுந்த டாக்டர், ஆட்டம் முடிந்த பிறகுதான் வெளியே வந்தார். சட்டையில் ஒரு பொட்டு சாயம் இல்லை. துப்பாக்கியில் ஒரு குண்டு குறையவில்லை.

அவர் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. கொண்டு சேர்த்தவன் கூட விளையாட வந்த மச்சினன். வெறும் வாயையே மெல்லுகிறவன், அவல் கிடைத்தால் விடுவானா?

மனைவி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். காலையில்கூட, "இந்தத் தடவையும் சட்டையை மடிப்புக் கலையாம கொண்டு வந்தீங்கன்னா, அடுத்த தடவை நான் போறேன், நீங்க வீட்டைப் பாத்துக்கோங்க" என்றாள்.

ஆகவே இன்று எப்படியாவது சாயம் பட வேண்டும். ஆனால் வலிக்கக் கூடாது.

காடு அமைதியாக இருந்தது. ஆட்டம் தொடங்கி இவ்வளவு நேரமாகியும் ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லை. எல்லாரும் பூனை மாதிரி பதுங்கி வருகிறார்கள் என்று நினைத்ததும் டாக்டர் மரத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

அப்போது மரத்தின் மறுபக்கம் யாரோ தும்மலை அடக்கினார்கள்.

துப்பாக்கியை நீட்டியபடி டாக்டர் எட்டிப் பார்த்தார். நீலச் சட்டை. தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு ஒருவன் குப்புறக் கிடந்தான். அவ்வளவு அகலமான முதுகு அவர்களில் ஒருவனுக்குத்தான் உண்டு. ஜிம் நடத்துகிற மலை.

"பக்கத்துல வச்சு சுட்டுடாதடா. பயங்கரமா வலிக்குமாம்."

"வலிக்காது." இருபது வருடப் பழக்கம். டாக்டரின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கடவாய்ப் பல்லைப் பிடுங்கறப்பவும் இதையேதான் சொன்னே."

டாக்டர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை. மலை தன் துப்பாக்கியிலிருந்து நீலக் குண்டு ஒன்றை எடுத்து, டாக்டரின் நெஞ்சில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். பொளக்கென்று உடைந்தது. சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். டாக்டரும் ஒரு சிவப்புக் குண்டை எடுத்து அவன் நெஞ்சில் உடைத்தார். அதற்கே மலை கண்ணை இறுக மூடிக்கொண்டான். பாவமாக இருந்தது.

இருவரும் ஆளுக்கொரு வழியாக வெளியே நடந்தார்கள். ஓடியதையும் உருண்டதையும் அடிபட்டு விழுந்ததையும் டாக்டர் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில்தான் கட்டைவிரலைக் கவனித்தார். நகம் வரைக்கும் சிவப்பு. இலையில் துடைத்தார், பேன்ட்டில் தேய்த்தார், போகவில்லை. சிவப்பு அணிக்காரன் விரலில் சிவப்பு எப்படி வந்தது?

மச்சினன் கண்ணில் பட்டால் மானம் கப்பலேறிவிடும். விரலை உள்ளே மடித்து முஷ்டியாக்கிக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் மற்ற நான்கு பேரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் நெஞ்சிலும் சாயம்.

"குண்டு மழை மாமா. நடுவுல பூந்து ஓடினேன்" என்றான் மச்சினன். அந்த மழையில் ஒரு சொட்டுகூட டாக்டர் காதில் விழுந்திருக்கவில்லை. இருந்தாலும் தலையாட்டி வைத்தார். அவருக்கு அவர் விரல் கவலை.

மலையும் வந்து உட்கார்ந்தான். மைதானத்துக்காரர் ஒரு தட்டு நிறையத் தண்ணீர் டம்ளர்களைக் கொண்டுவந்து நீட்டினார்.

எல்லாருக்கும் நாக்கு வறண்டிருந்தது. ஒருவரும் கையை நீட்டவில்லை. ஆறு பேரும் முஷ்டியை மடியில் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தார்கள்.

கடைசியில் மச்சினன்தான் பொறுக்க முடியாமல் ஒரு டம்ளரை நான்கு விரலால் பிடித்துத் தூக்கினான். அது வழுக்கியது. பதறிப்போய் ஐந்தாவது விரலையும் கொடுத்துப் பிடித்தான்.

நகம் வரைக்கும் சிவப்பு.

டாக்டர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை மச்சினனும் பார்த்தான்.

டாக்டர் முஷ்டியைத் திறந்து, முழுக் கையால் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு கையாக நீண்டது. சிவப்பு, நீலம், நீலம், நீலம்.

மச்சினன் தண்ணீரைக் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டான். "அக்கா கேட்டா, என்னைக் காப்பாத்தப் போய்த்தான் நீங்க குண்டு வாங்கினீங்கன்னு சொல்லிடறேன் மாமா. வலிச்சுதான்னு கேட்டா?"

"உயிரே போயிடுச்சுன்னு சொல்லு" என்றார் டாக்டர்.