கண்ணால் எழுதியது

அவருடைய கண்கள் திரையில் மெல்ல நகர்ந்தன.

பார்வை நின்ற எழுத்து பச்சையானது. பிறகு மேல்வரியில் போய் ஒட்டிக்கொண்டது.

செ.

ஜெபக்கனி மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றாள். வீட்டுக்கே வந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவள்.

கஸ்பாருக்குக் கண்ணைத் தவிர வேறெதுவும் அசையாது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விட்டவர். கடல் இரைச்சலைத் தாண்டிக் கேட்ட குரல். நரம்பு நோய் முதலில் கையை வாங்கியது. பிறகு காலை. பிறகு குரலை. இப்போது தொண்டைக் குழாய் வழியே ஒரு மெஷின்தான் அவருக்கு மூச்சு.

கண்ணசைவைப் படிக்கும் திரையை மகள் பிரின்சி பெங்களூரிலிருந்து அனுப்பியிருந்தாள். எழுதிவிட்டு ‘பேசு’ என்ற கட்டத்தைப் பார்த்தால் போதும், அது வாய்விட்டுச் சொல்லும். ஜெபக்கனி பொறுமையாகப் பழக்கினாள். இன்றுதான் அவருக்குப் பிடிபட்டது.

செலஸ்டி.

மனைவியைக் கூப்பிடுகிறார்!

“அக்கா, ஓடி வாங்க! அண்ணன் எழுதுதாங்க!”

அடுக்களையில் ஏதோ பாத்திரம் உருண்டது.

கண்கள் நிற்கவில்லை.

செலஸ்டி போதும் விட்டுரு.

ஜெபக்கனி மறுபடி படித்தாள்.

அவர் பார்வை ‘பேசு’ கட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. செலஸ்டினா ஈரக் கையோடு அறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

ஜெபக்கனியின் விரல் முந்திக்கொண்டது. பின்னிரண்டு சொற்களும் அழிந்தன.

“செலஸ்டி” என்றது திரை. யாருடையதும் அல்லாத ஓர் ஆண்குரல்.

செலஸ்டினா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதாள். அழுகையினூடே சிரித்தாள். அவர் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

“ஏ பிரின்சி, ஒங்கப்பா பேசிட்டாவ! மொதல்ல எம் பேரத்தான் சொன்னாவ, கேட்டியா!”

அறையில் மூச்சு மெஷினின் சத்தம் மட்டும்.

கஸ்பார் ஜெபக்கனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“அக்கா பாவம்ணே” என்றாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

“கண்கள் தெரியவில்லை” என்றது திரை. “திரையைப் பாருங்கள்.”

அவர் திறக்கவில்லை.

“கண்கள் தெரியவில்லை.”

இமையோரம் நனைந்தது. துடைத்துவிட்டாள். திரும்பவும் நனைந்தது.

அவருக்குத் தானாகச் செய்ய மீதமிருந்தது இப்படிக் கண்ணை மூடிக்கொள்வது ஒன்றுதான். குரல் போய் ஒரு வருஷத்துக்குப் பிறகு பெண்டாட்டியிடம் அவர் சொல்ல வந்ததை, நடுவில் நின்று தான் விழுங்கிவிட்டோம் என்பது ஜெபக்கனிக்கு அப்போதுதான் உறைத்தது.

செலஸ்டினா திரும்பி வந்தாள். முகம் பூரித்திருந்தது.

“அசந்துட்டாவளோ? நாளைக்கு இன்னும் நெறைய பேசுவாவ, இல்ல சிஸ்டர்?”

ஜெபக்கனி நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டாள்.

“போன வச்சிட்டு இங்கன உக்காருங்கக்கா. அண்ணன் எழுதுனதுல இன்னும் ரெண்டு வார்த்த இருக்கு.”